முதல்முறை உபவாசம் இருக்கப் போகிறவர்களுக்கு

"வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்" என்று சபையில் அறிவிப்பு வந்ததும், புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தண்ணீர் குடிக்கலாமா? குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். அதை இங்கேயே முடித்துவிட்டு, அவ்வளவாக யாரும் கேட்காத இன்னொரு கேள்விக்குப் போவோம். சாப்பிடாமல் இருப்பதால் மிச்சமாகிற நேரத்தையும் காசையும் என்ன செய்யப் போகிறீர்கள்? என்னைக் கேட்டால், உபவாசம் எது, சும்மா பட்டினி எது என்பது இந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும். கீழே நான் சொல்கிற ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியில் இதற்கே திரும்பி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள்

முந்தின நாளே ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: இந்த உபவாசம் எதற்காக. விட்டுவிட வேண்டிய ஒரு பாவமாக இருக்கலாம், எடுக்க வேண்டிய ஒரு முடிவாக இருக்கலாம், வேறொருவருடைய நோயாக இருக்கலாம். இது எதுவுமே இல்லாமல், ஆண்டவரோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதுவே போதும். வேதாகமத்தில் எல்லா வகையும் இருக்கிறது. யோனாவின் பிரசங்கத்தைக் கேட்ட நினிவே மக்கள் மனந்திரும்பி உபவாசித்தார்கள், ஆடு மாடுகளைக்கூட அவர்கள் மேய விடவில்லை. அழைப்பில்லாமல் ராஜாவின் முன்னால் போய் நிற்பதற்கு முன் எஸ்தர் மூன்று நாள் இருந்தாள். அந்தியோகியா சபையார் உபவாசித்து ஜெபித்த பிறகுதான் பர்னபாவையும் சவுலையும் (பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்டவர்) ஊழியத்துக்கு அனுப்பினார்கள்.

எழுதிய வரி "நான் இதைச் செய்கிறேன், நீர் அதைச் செய்யும்" என்ற தொனியில் வந்திருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டாம் சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். தாவீதின் குழந்தை சாகக் கிடக்கிறது, அவன் தரையில் விழுந்து கிடந்து உபவாசிக்கிறான், வீட்டுப் பெரியவர்கள் வந்து எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, ஏழாம் நாள் குழந்தை இறந்துபோகிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டான். வேலைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் அவனுடைய உபவாசம் வீணாகப் போனது என்று அந்த அதிகாரம் எங்கேயும் சொல்லவில்லை. பையன் உயிரோடிருக்கும்வரை இரங்குவாரோ என்று கேட்டுப் பார்த்தேன், இனி எதற்கு உபவாசம் என்கிறான், அவ்வளவுதான். நாம் கேட்கிறோம், அவர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் என்னவாக இருக்க வேண்டும் என்பதை நம்முடைய பசி தீர்மானிப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரசங்கங்களில் இது அதிகம் வருவதில்லை. நாபோத்தைக் கொன்று அவனுடைய திராட்சத்தோட்டத்தைப் பிடுங்குவதற்கு ராணி யேசபேல் போட்ட திட்டத்தின் முதல் படியே "உபவாசம் என்று பிரசித்தம் பண்ணுங்கள்" என்பதுதான். பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதும் இல்லை குடிப்பதும் இல்லை என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சபதம் போட்டார்கள், அப்போஸ்தலர் 23-இல் இருக்கிறது. ஆகவே சாப்பிடாமல் இருந்துவிட்டாலே அது பக்தி ஆகிவிடாது. பசி யாருக்கும் வரும், எதற்காகவும் இருக்கலாம்.

சரி, அப்படியானால் பசிக்கு இதில் என்னதான் வேலை? உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில் மோசே சொல்வது ஏறக்குறைய இதுதான்: உன்னைப் பசியாக விட்டதே, எதை நம்பி வாழ்கிறாய் என்பது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்தபின் இயேசு பிசாசுக்குத் திருப்பிச் சொன்ன வசனமும் அங்கிருந்து எடுத்ததே: "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்." வயிறு நிறைந்திருக்கும்போது இந்த வசனத்தை ஒப்புக்கொள்வதில் சிரமமே இல்லை. மத்தியானம் 2 மணிக்கு, தலை லேசாகச் சுற்றும்போது, உண்மையிலேயே ஒப்புக்கொள்கிறோமா என்பது தெரிந்துவிடும். நாம் எதில் சாய்ந்திருக்கிறோம் என்பதை நாமே பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

உடம்பு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள்

இதில் பக்தியைக் கலக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வேளை தவறாமல் சாப்பாட்டோடு மருந்து சாப்பிட வேண்டியவர்கள், வளரும் பிள்ளைகள், தள்ளாத வயதினர், இவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விட வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்து உடம்பை வதைக்கும் பழக்கம் முன்பு எப்போதாவது இருந்திருந்தால், உணவு உபவாசத்தையே தவிர்ப்பது நல்லது; ஆன்மிகப் பெயரில் அந்தப் பழைய பழக்கம் திரும்பி வர இடம் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் கைபேசியையோ, திரையையோ, வாங்கிக் குவிக்கும் பழக்கத்தையோ ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம், அதுவும் லேசான காரியம் அல்ல.

உபவாசத்தின் நடுவில் வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். அதை ஒரு தோல்வியாக யாரும் எண்ணப்போவதில்லை, நீங்களும் எண்ணாதீர்கள்.

எவ்வளவு நேரம், எந்த நாள்

புதியவர்கள் ஒரு வேளையோடு தொடங்குங்கள். காலை உணவையோ மதிய உணவையோ, ஒன்றை மட்டும். காலையில் எப்படியும் சாப்பிடாமல் ஓடுகிறவர் காலை உணவை விட்டுவிட்டு உபவாசம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அதுவும் தெரிந்ததே. உங்களுக்கு எந்த வேளை முக்கியமோ அதை விடுங்கள்.

அடுத்த படி, ஆதித் திருச்சபைக்குப் பழக்கமான ஒன்று: ஒன்பதாம் மணி நேரம்வரை, அதாவது பிற்பகல் 3 மணி வரை, சாப்பிடாமல் இருப்பது. இயேசு சிலுவையில் உயிர்விட்ட நேரம் அது. "டிடாக்கே" என்று அறியப்படும் மிகப் பழைய சபை ஒழுங்குநூல் புதன்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் உபவாச நாள்களாகக் குறிப்பிடுகிறது. அன்றைக்கு யூதர்கள் திங்களும் வியாழனும் இருந்தார்கள். கீழைத் திருச்சபைகள் இன்றும் அந்தப் புதன், வெள்ளியை விடவில்லை. அதற்கும் அடுத்தது ஒருசந்தி, நாளில் ஒரே முழு உணவு. அப்புறம் சுத்தபோசனம், இறைச்சியை மட்டும் விலக்குவது. தானியேல் மூன்று வாரம் ருசியான உணவும் இறைச்சியும் திராட்சரசமும் இல்லாமல் இருந்தானே, அது இந்த வகையில் சேரும்.

நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து விதிகள் மாறும், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்களுக்குச் சட்டப்படி கட்டாய நோன்பு ஆண்டில் இரண்டே நாள்தான், திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும்: ஒரு முழு உணவு, தேவைப்பட்டால் இரண்டு சின்ன உணவு, அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழு உணவு அளவுக்கு வரக் கூடாது. 18 வயது முதல் 59-ஆவது பிறந்தநாள் வரும்வரை இது பொருந்தும், இறைச்சி விலக்கு 14 வயதிலிருந்தே. திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு முழுக்க இறைச்சி, முட்டை, பால் பொருள்கள் கிடையாது. சீரியன் மரபுச் சபைகளில் அதற்கு முன்பே மூன்று நாள் நினிவே நோன்பும் உண்டு. சீர்திருத்தச் சபைகளில் நாள் குறித்த கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது: 1522-இல் சூரிக் நகரில் ஒரு அச்சகத்தாரின் வீட்டில் தவக்காலத்தில் சிலர் துணிந்து சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்தைச் சாப்பிட்டு அது பெரிய சச்சரவாகி, அங்கே இருந்தும் வாயில் வைக்காத அந்நகரின் சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லி, வேதம் கட்டளையிடாததைச் சபை சட்டமாக்க முடியாது என்று பிரசங்கம் செய்தார். ஆனால் அதே மரபில் வந்த கால்வின் உபவாசத்தை ஒதுக்கவில்லை. மாம்சத்தை அடக்கவும், ஜெபத்துக்கு ஆயத்தப்படவும், தேவனுக்கு முன் தாழ்த்திக்கொள்ளவும் அது உதவும் என்று மூன்று காரணம் எழுதி வைத்தார். கட்டாயம் போய்விட்டது என்பதற்காகப் பழக்கமும் போக வேண்டும் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை, நாமாகத்தான் விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள். அது உயிர்த்தெழுதலின் நாள். திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும், தவக்காலத்தின் நாற்பது நாள் ஆவதற்கு அதிலிருந்து ஆறு ஞாயிறுகளைக் கழிக்கிறார்கள். கடும் தவம் செய்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமையும் நோன்பிருந்தவர்களை நான்காம் நூற்றாண்டிலேயே கங்ரா என்ற ஊரில் கூடிய ஆயர்களின் சங்கம் கண்டித்திருக்கிறது.

நாற்பது நாள் உபவாசம் இருக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேதாகமத்தில் அப்படி இருந்தவர்கள் மோசே, எலியா, இயேசு, மூன்றே பேர். முதல் மாதத்தில் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

அந்த நாளை எப்படி நடத்துவது

காபி, டீ அதிகம் குடிப்பவர்கள் நாலைந்து நாள் முன்னாடியே குறைத்துக்கொண்டு வாருங்கள். கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி பிடிக்கும், அதைப் பசி என்றும் சிலர் பிசாசின் சோதனை என்றும் நினைத்துக்கொள்வார்கள், காஃபின் இல்லாததுதான் காரணம். முந்தின இரவு "நாளைக்கு இல்லையே" என்று இரண்டு பங்கு சாப்பிடாதீர்கள். காலையில் எழுந்ததும் அந்த ஒரு வரியை எடுத்து வாசித்துவிட்டுச் சின்னதாக ஒரு ஜெபம், பிறகு வழக்கமான வேலை.

நாளின் கனமான பகுதி, வழக்கமாகச் சாப்பிடுகிற அந்த அரைமணி நேரம். கடிகாரம் அந்த நேரத்தைக் காட்டியதும் வயிற்றுக்கு முன்னால் கை நினைவுபடுத்தும். எழுந்து போய்த் தட்டை எடுக்கப் பழகிய கை, எடுக்க ஒன்றுமில்லை என்றதும் நேராகக் கைபேசிக்குப் போகும். இங்கேதான் பெரும்பாலான உபவாசங்கள் காணாமல் போகின்றன: சாப்பாடு இல்லை, ஆனால் அரைமணி நேரம் திரையில் போய்விட்டது. ஆகவே அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். ஒரு சங்கீதத்தை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள், 63 நல்லது, 51 நல்லது, 130 சின்னது. வாய்விட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பசியில் மனதுக்குள் வாசித்தால் மூன்றாவது வரியில் கவனம் எங்கேயோ போய்விடும். அப்புறம் அந்த ஒரு வரிக்காக ஜெபியுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடம் வரும்போது அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்கும். அலுவலகத்தில் இருக்கிறீர்களா? ஒரு நாற்காலியும் மூடிய கதவும் இருந்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் நடந்துகொண்டே ஜெபிக்கலாம்.

பிற்பகலில் எரிச்சல் வரும். கூட இருப்பவர் கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம்கூடக் காதைக் குத்தும், பிள்ளைகள் ஒன்றுக்கு இரண்டு தடவை கூப்பிட்டால் சுரீர் என்று வரும். இதை மறைக்காமல் கவனியுங்கள், ஏனென்றால் சாப்பாடு இவ்வளவு நாளும் மூடி வைத்திருந்த ஒன்று வெளியே வந்திருக்கிறது. கோபமா, பயமா, எதையும் நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையா என்று பார்த்து, அதையே அடுத்த ஜெபத்தில் பெயர் சொல்லி வைத்துவிடுங்கள். ஏசாயா 58-இல் ஜனங்கள், நாங்கள் உபவாசிக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று குறைப்படுகிறார்கள்; அதற்கு வந்த பதில், நீங்கள் உபவாச நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், வழக்காடிச் சண்டை போட்டுக் குத்திக்கொள்கிறீர்கள் என்பதே. நம் வீட்டு அளவில் அது இந்தப் பிற்பகல்தான். இறைச்சியைத் தொடாமல் சகோதரனைக் கடித்துக் குதறினால் என்ன பயன் என்ற பொருளில் யோவான் கிறிசோஸ்தோம் நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்திருக்கிறார். அன்றைக்கும் இதே பிரச்சினைதான் இருந்திருக்கிறது.

மிச்சமான காசு

ஏசாயாவின் அதே அதிகாரம் எந்த உபவாசம் தனக்குப் பிரியம் என்று கர்த்தர் சொல்வதாக ஒரு பட்டியல் தருகிறது: அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பது, பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது, துரத்தப்பட்டவனை வீட்டில் சேர்ப்பது. இதை ஆதித் திருச்சபை கணக்காகவே செய்தது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட "ஹெர்மாவின் மேய்ப்பன்" சொல்லும் முறை மிக எளியது: உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், மற்ற நாளில் நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடு, அந்தத் தொகையை விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவனுக்கோ கொடு. அதே நூற்றாண்டில் அரிஸ்டைடிஸ் என்ற கிறிஸ்தவர் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், தங்களிடம் உபரி இல்லாதபோது ஓர் ஏழைக்கு உணவு கொடுப்பதற்காகவே கிறிஸ்தவர்கள் இரண்டு மூன்று நாள் உபவாசிப்பார்கள் என்று குறிப்பிடுகிறார்.

ஆகவே நீங்களும் கணக்குப் போடுங்கள். விட்ட வேளைக்கு என்ன செலவாகியிருக்கும், அதை அன்றைக்கே ஓர் உறையில் போட்டுவிடுங்கள், வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அது கரைந்துவிடும். யாருக்குப் போகப்போகிறது என்பதையும் பெயரோடு முடிவு செய்யுங்கள். தொகை சின்னதாக இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம், ஒருவருடைய ஒரு வேளைப் பசிக்கு அது சரியான அளவு.

யாரிடம் சொல்வது

"நீயோ உபவாசிக்கும்போது, அந்த உபவாசம் மனுஷர்களுக்குக் காணப்படாமல்..." என்று இயேசு சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் சமைக்கிறவரிடம்கூடச் சொல்லாமல் இருந்து, அவர் ஆக்கி வைத்த சாப்பாடு வீணாகி, ஒரு மனஸ்தாபம் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது, பார்வைக்காகச் செய்யாதே, முகத்தைக் கழுவிக்கொண்டு வழக்கம்போல் இரு என்பது. சமைப்பவருக்கும், மருந்து நேரம் பார்க்கிறவருக்கும் தெரிய வேண்டும். ஸ்டேட்டஸ் போடத் தேவையில்லை.

திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால்? எகிப்து வனாந்தரத்துத் துறவிகளைப் பார்க்கப் போன காசியான் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கடும் நோன்பு இருக்கும் அந்த மனிதர்கள் விருந்தாளி வந்ததும் நோன்பை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, உங்களை நான் எப்போதும் கூட வைத்துக்கொள்ள முடியாதே என்று ஒருவர் பதில் சொன்னாராம்.

வீட்டில் மற்றவர்களையும் சேர்த்து உபவாசம் இருக்க வைக்கும் ஆசை வரும். அதற்கு ஒன்று சாமுவேல் 14 ஒரு நல்ல மருந்து. சாயங்காலம்வரை எவனும் சாப்பிடக் கூடாது என்று சவுல் ராஜா போர்க்களத்தில் படைக்கே ஆணை போட்டான். ஆணையைக் கேள்விப்படாத அவன் மகன் யோனத்தான் கொஞ்சம் தேனை எடுத்துச் சாப்பிட்டான், அவன் கண்கள் தெளிந்தன. மற்ற வீரர்கள் விடாய்த்துப் போய், சாயங்காலம் கொள்ளையில் கிடைத்த மிருகங்களை அடித்து இரத்தத்தோடே சாப்பிட்டு, நியாயப்பிரமாணத்தையே மீறினார்கள். மற்றவர்கள் மேல் சுமத்திய உபவாசம் அன்றைக்கு அங்கே போய் முடிந்தது.

முடிக்கும் விதமும் அடுத்த தடவையும்

ஒரு வேளை விட்டவர்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை, அடுத்த வேளையை வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். ஒரு முழு நாள் இருந்தவர்கள் பழமோ லேசான, குழைவான உணவோ எடுத்துக்கொண்டு, சற்று இடைவெளி விட்டு மீதியைச் சாப்பிடலாம். எண்ணெயும் காரமும் உடனே வேண்டாம். பல நாள் உபவாசம் வேறு கணக்கு. ஐந்து நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்து திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு சரிந்து இதயமே பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் யார் சொன்னாலும், எந்த ஊழியர் சொன்னாலும், அதில் இறங்காதீர்கள்.

சாப்பிட உட்காரும்போது நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், வழக்கமான அவசர ஜெபத்தைவிட அன்றைக்கு ஒரு நிமிடம் கூடுதலாகவே வரும்.

"ஒன்றுமே உணரவில்லையே" என்பதும் பலருடைய அனுபவம். முதல் சில தடவை பசி, தலைவலி, கடிகாரம் இவைதான் நினைவில் இருக்கும், தரிசனம் எதுவும் வராது. வராவிட்டால் பரவாயில்லை. ஜெபித்தீர்களா, உறை போய்ச் சேர்ந்ததா, வீட்டில் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியதைக் கேட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். லூக்கா 18-இல் வரும் பரிசேயன் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசிக்கிறேன் என்று கணக்கு ஒப்பித்தான், நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் தூரத்தில் நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். ஆகவே எத்தனை தடவை இருந்தேன் என்று எண்ணி வைக்காதீர்கள்.

ஒரு மாதத்துக்கு ஒரே கிழமை, ஒரே வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பலருக்கு ஒத்துவருகிறது. மாதம் முடிந்ததும் நேரத்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா, வேறு எதையாவது விலக்குவதா என்பதை உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசி முடிவெடுங்கள், போகும்போது முதலில் எழுதிய அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.